கேட்பதற்கு ஓர் இடம்

ரொட்டிக்கடைப் பிரிட்ஜில் வெண்ணெய்க் கட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஊசிப் பேனாவை ஏஸ்தெல் கையில் எடுத்த நேரம் பார்த்துத்தான் அஞ்சலாட்சி பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். காலை ஏழு மணி. முதல் ஈடு பகேத் ரொட்டிகள் அடுப்பிலிருந்து இறங்கி, கூடைகளில் நின்றபடி மேலோடு ஆறி மெல்ல வெடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏஸ்தெல் ஏப்ரனைத் தூக்கி, சட்டையை விலக்கி, தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளிச் சதையைப் பிடித்திருந்தாள். இனி மறைக்க முடியாது. ஊசியை இறக்கி, மனசுக்குள் பத்து வரை எண்ணி, வெளியே எடுத்தாள்.

"சுகரா எஸ்தரம்மா?" என்றாள் அஞ்சலாட்சி. கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஏஸ்தெல் என்ற பெயர் மட்டும் அவள் நாக்குக்கு வரவேயில்லை.

"ஆமாங்கா."

அந்த ஒரு பொய் அவர்கள் குடியிருந்த மூலக்குளம் முழுக்கப் பரவ மூன்று நாள்கூட ஆகவில்லை. மருந்துக்கடை தணிகாசலம், ராத்திரியே வெந்தயத்தை ஊறப்போட்டுக் காலையில் குடிக்கச் சொன்னார். எதிர்வீட்டிலிருந்து பாகற்காய் ஜூஸ் ஒரு டம்ளர் தினமும் மூடிபோட்டு வந்தது. பால்காரர், நாள் பூரா வெண்ணெயிலும் மாவிலும் கையை வைத்துக்கொண்டிருந்தால் சுகர் வராமல் என்ன செய்யும் என்று அடுத்த வீட்டில் சொன்னாராம். ஏஸ்தெல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பாகற்காய் ஜூஸையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். நாற்பத்தோரு வயதில், கல்யாணமாகாத ஒரு பெண், ரொட்டிக்கடை நடத்துகிறவள், தினம் காலையில் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதற்கு இதைவிட மரியாதையான காரணம் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் அஞ்சலாட்சி வில்லியனூருக்கு அந்தப் பக்கம் நாலு மாடு வைத்து வளர்க்கிறவள். கண்ணில் பட்டதை அப்படியே விடுகிற ஆள் இல்லை. ஆறாவது நாள், குரோசானுக்கு மாவை மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"எங்க மருமவனுக்கு எட்டு வருசமா சுகரு. அவரு சாப்பாட்டப் பாத்து ஊசி போடுவாரு. நீ காலண்டரப் பாத்துப் போடற. நடுவுல ரெண்டு தடவ ஸ்கேனுக்கு வேற போயிட்டு வந்துட்ட. சுகருக்கு எந்த ஊருல ஸ்கேன் எடுக்கறாங்க?"

ஏஸ்தெல் மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று பத்து நாளாகவே தவித்துக்கொண்டிருந்தாள். சொன்னாள். டென்மார்க்கில் ஓர் ஆஸ்பத்திரி. இங்கே ஊசி போட்டு முட்டைகளை வளர்த்துக்கொண்டு அங்கே போக வேண்டும். அங்கே ஒரு மனிதர் கொடுத்து, உறையவைத்துக் காத்திருக்கும் விந்தை வைத்துக் கரு உண்டாக்கி, திரும்ப வயிற்றுக்குள் வைப்பார்கள். புருஷன் வேண்டியதில்லை. எனக்கே எனக்கென்று ஒரு பிள்ளை. பேசி முடித்துவிட்டு அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலாட்சி கொஞ்ச நேரம் மாவை மடித்தாள். பிறகு கேட்டாள்: "ஒரு சில்வர் கேன்ல பொகை பொகையா வருமே, அதுல வெச்சிருப்பாங்களே. அதா?"

"அதுதான். உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க மாட்டுக்கு டாக்டரு அதுலதான் எடுத்தாந்து சினை ஊசி போடறாரு. போன வருசம் போட்டதுல கெடேரிக் கன்னு. நல்லா இருக்குது." மாவை ஈரத்துணியால் மூடிவிட்டுக் கையைத் தட்டினாள். "காளைய நாம பாத்ததுகூட இல்ல. அது பாட்டுக்கு எந்த ஊருலயோ மேயுது. நமக்கென்ன, கன்னு நம்ம கொட்டாயில. இதுக்கா இத்தினி நாளு சுகருன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச?"

ஏஸ்தெல் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, அடுப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊசி போட்ட இடம் வலித்தது. பல மாதங்களாக அந்த அளவு சிரித்ததில்லை.

வீட்டில் அப்படிச் சிரிக்க வழியில்லை. பப்பா அவளோடு பேசி நாலு மாதம் ஆகியிருந்தது. பப்பா தொமினிக் பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் சொல்தா ஐயா, பிரெஞ்சில் சிப்பாய் ஐயா. எழுபத்து நாலு வயதிலும் சட்டையை இஸ்திரி போட்டு, மீசையைக் கத்தரித்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போய் உட்காருகிறவர். ஏஸ்தெல் லியோனில் ரொட்டி வேலை கற்று, அங்கேயே வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் திரும்பி வந்து இந்தக் கடையைத் தொடங்கினாள். அம்மா இறந்து ஆறு வருஷம். அதற்கு முன்பும் பின்பும் வந்த மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். ஒருவர் பெண் பார்க்க வந்த இடத்தில், கல்யாணமாகி எத்தனை மாதத்தில் தனக்கு விசா வரும் என்று காபி ஆறுவதற்குள் கேட்டுவிட்டார். லியோனில் ஒருவனை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. நாலு வருஷம் கூட இருந்தவன், பிள்ளை என்ற பேச்சு வரும்போதெல்லாம் அடுத்த வருஷம் பார்ப்போம் என்றான். கல்யாணம் நடக்காமல் போனதில் அவளுக்குப் பெரிய குறை இல்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தானும் சேர்ந்து தள்ளியதுதான் உறுத்தியது.

முதலில் ஊரிலேயே ஒரு டாக்டரிடம் போனாள். அந்த அம்மா, கணவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் ஆகாது என்று கோப்பை மூடிவிட்டார். சென்னையில் இன்னொருவர், சட்டம் அனுமதிக்கிறது, தாராளமாகச் செய்யலாம், ஆனால் கொடுத்தவர் யார் என்பது யாருக்கும் எப்போதும் தெரியவராது என்றார். பிரான்சில் இப்போது தனிப் பெண்களுக்கும் செய்கிறார்கள். ஆனால் அங்கே வரிசை நீளம், முறை வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடும். டென்மார்க்கில், பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் வந்து விசாரித்தால் என் பெயரைச் சொல்லலாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் அவ்வளவு தூரம்.

ஏனென்றால் ஆன் என்ற பெயர்கொண்ட அவள் அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில், பிரெஞ்சுக் காலத்து மசியில், சாய்ந்த எழுத்தில், தகப்பன் தெரியாது என்று எழுதியிருந்தது. ஆனுடைய கண்கள் தேன் நிறம். தோல் வெயிலில் சிவக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, அதை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. பிரான்சில் இருக்கும் ஆவணக் காப்பகங்களுக்கெல்லாம் நாற்பது வருஷம் கடிதம் போட்டாள். வருந்துகிறோம் என்று பதில் வரும். கடற்கரைச் சாலையில் நடக்கும்போது வயதான வெள்ளைக்காரர் யாராவது எதிரே வந்தால், அம்மா ஒரு கணம் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு நடப்பாள். சின்ன வயதில் ஏஸ்தெல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கடைசி வருஷங்களில், அந்த மனிதர் உயிரோடிருந்தால் நூறு வயது தாண்டியிருக்கும் என்று தெரிந்தும், அம்மா நிற்பதை விடவில்லை.

அதனால்தான், நாலு மாதத்துக்கு முன்னால் அவள் விஷயத்தைச் சொன்னபோது, பப்பா அப்படிப் பேசினார். ஊர் என்ன சொல்லும் என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்கம்மாவக் கட்டும்போது எங்க வீட்ல ஒருத்தரும் கோயிலுக்கு வரல. நான் தனியா நின்னு கட்டினேன்" என்றார். குரல் உயரவில்லை. "அப்பன் பேரு இல்லாம அவ பட்ட பாட்ட நாப்பது வருசம் பக்கத்துல இருந்து பாத்தவன் நான். தானா வந்தது அது. அதையே நீ வேணும்னு ஒரு புள்ளைக்குப் பண்ணப் போறியா?"

"அம்மாவுக்குக் கேக்க இடம் இல்ல பப்பா. இதுக்குக் கேக்க ஒரு இடம் இருக்கும். பேரு அங்க எழுதி இருக்கு."

"பதினெட்டு வருசம் கழிச்சு."

"அம்மா அறுவத்தஞ்சு வருசம் கேட்டாங்க."

அவர் எழுந்து அறைக்குள் போனார். அன்றிலிருந்து காலையில் காபி டம்ளரை வைப்பதும் எடுப்பதும்தான் அவர்களுக்குள் பேச்சு.

அக்டோபரில் அவள் தனியாகத்தான் போனாள். ஊசிப் பேனாக்கள் ஐஸ் பையில், ஐஸ் பை தோளில். கோபன்ஹேகனில் ஆறு முட்டைகள் எடுத்தார்கள். ஐந்தாவது நாள் இரண்டு கரு தேறியது. ஒன்றை உள்ளே வைத்தார்கள், ஒன்றை உறையவைத்தார்கள். நர்ஸ் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் அது சம்பளத்துக்குப் பிடித்த கை என்ற நினைப்பை ஏஸ்தெல்லால் ஒதுக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பிப் பத்து நாளில் ரத்தப் பரிசோதனை. லேப்பில் கொடுத்த காகிதத்தில் கர்ப்ப ஹார்மோன் ஒன்றுக்கும் குறைவு என்று இருந்தது; கரு தங்கவில்லை. ஒன்றுக்கும் குறைவு. ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டு அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு வண்டியை எடுத்து, கடலோரத்துக் காபிக் கடைகளுக்குப் போட வேண்டிய ரொட்டியைப் போட்டாள். ஒரு கடையில் இரண்டு குரோசான் குறைகிறது என்றார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நாளைக்குச் சேர்த்துத் தருவதாகச் சொன்னாள். சாயந்திரம் பப்பாவுக்கு மீன் குழம்பு வைத்துப் பரிமாறினாள். ராத்திரி குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

பத்து நாள் இப்படியே போனது. பதினோராவது நாள் கடைக்கு விடுமுறை. ஏஸ்தெல் உள்ளறையில் படுத்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தமும், தொடர்ந்து அஞ்சலாட்சியின் குரலும் கேட்டன. இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக்குள் வந்ததில்லை.

"ஐயா, உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். கோவிச்சிக்கக் கூடாது."

"உக்காரும்மா."

"உக்கார வரல. அந்தப் பொண்ணு பத்து நாளா மாவுல தண்ணிய ஊத்திட்டு ஊத்துனத மறந்துட்டு மறுபடி ஊத்துது. எடுத்து வளக்கற கோழிக்குஞ்சு செத்தாலே மூணு நாளு சோறு எறங்காது நமக்கு. அது யாருகிட்டயும் சொல்லாம வண்டி ஓட்டிட்டுப் போவுது. நீங்க பட்டாளத்துல இருந்தவரு. கூட இருக்கறவன் அடிபட்டா உட்டுட்டு வந்துருவீங்களா?"

உள்ளே ஏஸ்தெல் எழுந்து உட்கார்ந்தாள். வெளியே மின்விசிறி கிறீச்சிட்டது.

"எனக்கு ஒன்னும் சொல்லல அது" என்றார் பப்பா கடைசியில்.

"நீங்க கேட்டீங்களா?"

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. படலைத் திறந்து மூடும் சத்தம். பிறகு பப்பாவின் நடை அறைவாசல்வரை வந்து நின்றது. கதவைத் தட்டினார். அவர் அவள் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. எப்போதும் வெளியிலிருந்து கூப்பிடுவார்.

"இன்னொன்னு அங்க இருக்குன்னு நீ போன்ல பேசுனது கேட்டுது. எப்பப் போறோம்?"

'போறோம்' என்ற சொல் அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் போனை வைத்து, விந்து கொடுத்தவர் பேசிப் பதிந்திருந்ததைப் போட்டுக் காட்டினாள். பெயர் கிடையாது, ஓர் எண்தான். ஆனால் குரல் உண்டு. இளைஞன். அவன் ஆங்கிலம் பப்பாவுக்குப் பிடிபடவில்லை. அவள் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். தச்சு வேலை செய்கிறானாம். பனிக்காலத்திலும் கடலில் குளிப்பானாம். பசித்தால் கோபம் வருமாம். பாட்டு சுத்தமாக வராதாம்.

"நம்ம வீட்ல மட்டும் யாரு பாடறா" என்றார் பப்பா.

அவனுடைய அக்கா தனியாக ஒரு பிள்ளை பெற்றுக்கொண்டாளாம். அதைப் பார்த்துத்தான் கொடுக்க வந்தானாம். கடைசியில், பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்கள். அவன் கொஞ்சம் யோசிக்கிறான். பெரிசா ஒன்றும் இல்லை, என்னைக்காவது வந்து கதவைத் தட்டினால் காபி போட்டுத் தருவேன், கேட்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லுவேன் என்கிறான்.

"காபி தரேங்கறானா?"

"ஆமா பப்பா."

அவர் மறுபடி போடச் சொன்னார். மொழி புரியாமலேயே தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கேட்டார். பிறகு மேசைத்துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்: "உங்கம்மாவுக்கு அது போதும்னு இருந்திருக்கும்."

பிப்ரவரியில் கோபன்ஹேகன் வெள்ளையாகக் கிடந்தது. பப்பா பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்திருந்த பழைய ராணுவக் கோட்டில் அந்துருண்டை வாசனை ஓட்டல் லிப்ட் வரைக்கும் அடித்தது. இளவயதில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து ராணுவப் பாளையத்தில் இரண்டு பனிக்காலம் இருந்தவர். தெருவில் அவளுக்கு நாலடி முன்னால் போய், குதிகாலால் தரையைக் குத்திப் பார்த்து, "இங்க வழுக்கும், இந்தப் பக்கம் வா" என்று கூட்டிப்போனார். அவருக்கு முட்டிவலி உண்டு. அங்கே அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உறைந்த கருவை அன்று காலையில்தான் வெளியே எடுத்துச் சூடேற்றுவார்கள். பிழைத்தால் மேற்கொண்டு பேசலாம். பிழைக்காவிட்டால் ஒன்பது மணிக்குள் போன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் எட்டரைக்கு உட்கார்ந்தார்கள். அங்கே வைத்திருந்த கறுப்பு ரொட்டியை ஏஸ்தெல் பிட்டு, பழக்கதோஷத்தில் மோந்து பார்த்து, வாயில் வைக்காமலேயே தட்டில் வைத்தாள். போன் இருவருக்கும் நடுவில் கிடந்தது. எட்டு ஐம்பதுக்கு அது ஒருமுறை அதிர்ந்தது. ஊரில் வெண்ணெய் சப்ளை செய்கிறவரின் குறுஞ்செய்தி. பப்பா போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். ஒன்பது அடித்தது. ஒன்பது ஐந்து. ஒன்பது பத்துக்கு அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, "கெளம்பு, அது நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

காத்திருக்கும் அறையில் பெண்கள் இரண்டிரண்டு பேராகவும், சிலர் தனியாகவும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அந்தக் கோட்டையும் மீசையையும் ஒருதரம் பார்த்தார்கள். மேசையிலிருந்த பெண் ஏஸ்தெல்லின் பெயரைச் சரிபார்த்துவிட்டு, கூட வந்திருப்பவர் யார், துணைவரா என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள். ஏஸ்தெல் வாயைத் திறப்பதற்குள் பப்பா நிமிர்ந்து நின்றார். கேள்வியில் ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்திருந்தது. அணிவகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்கிற குரலில், பிரெஞ்சில் சொன்னார்:

"ழ ஸ்வி ல கிராம்பேர்."

நான்தான் தாத்தா. அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தில் எங்கோ ஒரு கண்ணாடித் தட்டில், கண்ணுக்கே தெரியாத அளவில் இருந்த ஒன்றுக்கு அவர் தாத்தா. மேசைப் பெண்ணுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் அந்தச் சொல் புரிந்தது. அவள் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டு எதையோ தட்டினாள். என்ன தட்டினாள் என்று ஏஸ்தெல்லுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

உள்ளே கூப்பிட்டபோது அவர் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். நர்ஸ் இரண்டுதரம் நாற்காலியைக் காட்டினாளாம், வேண்டாம் என்றுவிட்டாராம். திரையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி போய் அமர்ந்ததை ஏஸ்தெல் பார்த்தாள். அரைமணி கழித்து வெளியே வந்தபோது பப்பா விட்ட இடத்திலேயே, கைகளைப் பின்னால் கட்டி, கதவுக்கு முதுகைக் காட்டி, தாழ்வாரத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். யாரோ வந்து தடுத்துவிடப் போகிறார்கள் என்பதுபோல.

ஊர் திரும்பிய பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு போனில் வந்தபோது ஏஸ்தெல்லின் இரண்டு கையும் முழங்கைவரை மாவில் இருந்தன. அஞ்சலாட்சிதான் தன் முழங்கையால் போனை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். லேப்பில் ஒரு பெண் அவசரமில்லாமல் பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள், பிறகு சொன்னாள்: "நானூத்திப் பன்னெண்டு மேடம். ரிப்போர்ட்ட வாட்ஸப்புல அனுப்பிடறேன்."

"நானூத்திப் பன்னெண்டு ஜாஸ்தியா கம்மியா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"ஜாஸ்தி."

"போன தடவ எவ்வளவு?"

"ஒன்னுகூட இல்ல."

அஞ்சலாட்சி மாவுக் கையை அப்படியே ஏஸ்தெல்லின் இரண்டு கன்னத்திலும் வைத்து அழுத்தினாள். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினாள். மாவு அப்பிய கைகளை ஆட்டிக்கொண்டே, சொல்தா ஐயா வீடு இருக்கும் பக்கம். ஐம்பத்தாறு வயது உடம்பு. ஏஸ்தெல் மாவின் முன்னால் நின்றாள். விட்டால் காய்ந்துவிடும். கன்னத்தில் மாவோடு, அழுதுகொண்டே, அதை முழுசாகப் பிசைந்து முடித்தாள். அன்றைக்கு ரொட்டி நன்றாகத்தான் வந்தது.

ஐந்தாம் மாதத்தில் ஏப்ரன் கயிறு முன்னால் கட்ட எட்டவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து ஜூஸ் வருவது நின்றது. கொஞ்சநாள் பேச்சும் நின்றது. கோயிலில் அவர்கள் உட்காரும் பெஞ்சில் இரண்டு ஞாயிறு வேறு யாரும் உட்காரவில்லை. தணிகாசலம் மட்டும், இரும்புச்சத்து மாத்திரை வாங்கப் போனபோது, "வெந்தயம் குடிச்சது வீண் போகல" என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னார். கடையில் வியாபாரம் ஒரு வாரம் குறைந்து, பிறகு பழைய இடத்துக்கு வந்தது. நல்ல ரொட்டிக்கு மூலக்குளத்தில் வேறு கடை இல்லை.

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு வந்தது. ஒவ்வொரு வருஷமும் அன்று காலை கடற்கரைச் சாலையில், போர் நினைவுச் சின்னத்தில், பழைய சிப்பாய்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு கூடுவார்கள். கொடி ஏறும், இரண்டு தேசத்துப் பாட்டும் ஒலிக்கும். பப்பா முந்தின நாளே சொல்லிவிட்டார், நீயும் வரணும் என்று.

"எனக்கு எதுக்கு பப்பா. ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்னுதான்."

அம்மாவின் நீலப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். வேறு எதுவும் வயிற்றுக்குச் சேரவில்லை. ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. சாலை கழுவினாற்போல் இருக்க, கடல் பழுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. சடங்கெல்லாம் முடிந்து, கிழவர்கள் ஒருவரையொருவர் தோளைத் தட்டி நலம் விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்ரியான் வந்தார். பப்பாவோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்தவர், சங்கத்துக்குச் செயலாளர், குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவர். ஏஸ்தெல்லின் வயிற்றைப் பார்த்தார், பப்பாவைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும் கேட்டார்.

"என்ன தொமினிக், மாப்பிள்ளைய எங்க கண்ணுலயே காட்டலையே. எந்த ஊருல இருக்காரு?"

சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஏஸ்தெல் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். நாம் போகலாம் என்று பப்பாவின் கையைத் தொடப் போனாள்.

"மாப்பிள்ளை இல்ல அத்ரியான்" என்றார் பப்பா. "பேரப்புள்ளதான். கோபன்ஹேகனுக்கு நானும் என் பொண்ணும் போய்க் கூட்டிக்கிட்டு வந்தோம். அக்டோபர் கடைசியில வருது." சாய்ந்திருந்த மெடல் ஒன்றை நேராக்கினார். "ஆனுடைய அப்பா பேரு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. இதுக்குக் கேக்கறதுக்கு ஒரு இடம் இருக்கு. வேற என்ன கேக்கணும், கேளு."

ஒருவர் தன் கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தார். இன்னொருவர் கடலைப் பார்த்தார். பப்பா இருவருக்கும் வழிவிட்டு நின்றார்; தான் நகரவில்லை. அத்ரியான் கடைசியில், "கோபன்ஹேகன்லாம் ரொம்பக் குளுருமே" என்றார். குளிரும் என்றார் பப்பா. அப்படியே இரண்டு கிழவர்களும் பனிக்காலக் காலணிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

அந்தப் பேச்சினூடே யாரோ ஏஸ்தெல்லின் முழங்கையைத் தொட்டார்கள். திரும்பினாள். சரிகைக் கரைப் புடவை கட்டிய ஓர் அம்மா. சங்கத்தில் யாருடைய மனைவி என்று அவளுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. அந்த அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து பேனாவையும் பழைய அழைப்பிதழ் ஒன்றையும் எடுத்து நீட்டினாள்.

"அந்த ஆஸ்பத்திரி பேரு கொஞ்சம் எழுதிக் குடும்மா. எங்க பெரியவளுக்கு முப்பத்தெட்டு ஆவுது. கேக்கச் சொல்லி அவதான் அனுப்புனா."

ஏஸ்தெல் அழைப்பிதழை உள்ளங்கையில் வைத்து எழுதினாள். பெயரை எழுதி, அடியில் தன் போன் நம்பரையும் எழுதி, எப்ப வேணாலும் பேசச் சொல்லுங்க என்றாள். அந்த அம்மா எழுத்தைக் கண்ணுக்கருகில் வைத்துப் படித்துப் பார்த்து, நாலாய் மடித்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போனாள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது, அவளுக்குப் பசித்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதையில் பதிந்திருந்தது. கடற்சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கப் பார்த்தாள், குனிய முடியவில்லை. பப்பா அத்ரியானிடம் பேசிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்தார். முட்டியை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். மெடல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வாரைத் தளர்த்தி, ஒரு செருப்பைக் கழற்றினார், பிறகு மற்றதை. சுவரைப் பிடித்து எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இட்லி சாப்பிடலாமா?"

"ரெண்டு ப்ளேட்."

மழையில் நனைந்த சாலை காலுக்குக் குளுகுளுவென்றிருந்தது. கடற்கரைச் சாலையின் நடுவில், வெறுங்காலோடு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு அவள் நடந்தாள். பக்கத்தில் பப்பா, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் மெடல்கள் ஆட, ஒரு கையில் அவளுடைய செருப்பு இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். எதிரே வந்தவர்கள் வணக்கம் வைத்தார்கள். அவர் செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கையையே நெற்றிக்கு உயர்த்தி, ஒவ்வொருவருக்கும் பதில் வணக்கம் வைத்துக்கொண்டே போனார்.